பஞ்சத்துக்காகக் கட்டிய வானாய்வகம்: ஓர் அறிவியல் கூற்று சோதிக்கப்படும் விதம்

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய வானாய்வகம், வானத்தின் மீதுள்ள ஆர்வத்தால் மட்டும் எழுந்ததன்று. அதன் வேர் தாது வருடப் பஞ்சத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இந்தியா முழுவதும் இறந்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பருவமழை பொய்க்கப்போவதை ஓராண்டு முன்னதாகவே அறிய முடிந்தால் தானியத்தைச் சேமித்து வைக்கலாம், வரியைத் தள்ளி வைக்கலாம் என்ற எண்ணம் அதன் பிறகு அரசு அலுவலகங்களில் வலுப்பெற்றது. (பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியானது என்பதையும், மழை பற்றிய முன்னறிவு மட்டும் இருந்திருந்தால் அந்த ஆட்சி அந்த மக்களைக் காப்பாற்றியிருக்குமா என்பதையும் இங்கே ஒதுக்கி வைக்கிறேன், அவை வேறொரு கட்டுரைக்கு உரியவை.)

மழையை முன்னறிய என்ன வழி என்று தேடியவர்களின் கண்ணில் பட்டது சூரியன். ஜெர்மனியில் மருந்தாளுநராக இருந்து வானியலுக்கு வந்த ஹைன்ரிஷ் ஷ்வாபே, 1826 முதல் சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளை இடைவிடாது எண்ணிவந்து, அவை ஒழுங்கான கால இடைவெளியில் பெருகியும் குறைந்தும் வருகின்றன என்று 1843-ல் அறிவித்திருந்தார். அந்தச் சுழற்சியின் சராசரி நீளம் ஏறத்தாழ 11 ஆண்டுகள் என்பது பின்னர் உறுதியானது. இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைக்குத் தலைவராக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், சென்னையில் 1813 முதல் எழுதி வைக்கப்பட்டிருந்த மழைக் கணக்கை இந்தச் சுழற்சியோடு ஒப்பிட்டு, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது, பஞ்சமும் அந்த ஆண்டுகளை ஒட்டியே வருகிறது என்று 1877-ல் வாதிட்டார். அடுத்த புள்ளிக் குறைவு 1878-ல் வந்தது. தாது வருடப் பஞ்சம் அதற்கு ஒட்டிய ஆண்டுகளில் நடந்திருந்தது. இத்தகைய பொருத்தம் யாரையும் அசைக்கக் கூடியதே. சூரியனை நாள்தோறும் படமெடுத்துப் பதிவு செய்ய ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதனால் வலுக் கிடைத்தது. வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் பார்த்த பின் கொடைக்கானல் தேர்வாயிற்று. 1895-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899-ல் சென்னை வானாய்வகத்தின் வானியல் பணி மலைக்கு மாறியது.

இந்தக் கருதுகோள் பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் நிற்காமல் போனதாலேயே அதை அறிவியலுக்குப் புறம்பான மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது, அறிவியல் என்பது சரியான விடைகளின் தொகுப்பு என்று எண்ணுகிற பிழையிலிருந்து வருவது. ஹண்டரின் கூற்று, எந்த ஆண்டில் எது நடக்க வேண்டும் என்று தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டது. புள்ளிகள் குறைந்த ஆண்டில் மழை பெய்து தள்ளினால் அந்தக் கூற்றுக்கு அடி விழும். எப்படிப்பட்ட நிகழ்வு நேர்ந்தால் தான் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் கூற்றைத்தான் சோதிக்க முடியும். ‘காலம் கெட்டுப்போனதால் மழை பெய்யவில்லை’ என்று சொல்பவர் எந்த ஆண்டிலும் தோற்கமாட்டார். பெய்தால் நல்லவர் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பார், பெய்யாவிட்டால் காலத்தைப் பழிப்பார். ஒருபோதும் தோற்காத அந்தக் கூற்றினால் ஒரு கைப்பிடி தானியத்தைக்கூடச் சரியான நேரத்தில் சேமித்து வைக்க முடியாது.

ஹண்டரின் கூற்றில் குறை வேறிடத்தில் இருந்தது. அவர் கையில் இருந்தது ஆறு சுழற்சிகளுக்கான கணக்கு மட்டுமே. மேலும், எந்தக் கணக்கைப் பார்த்து ஊகம் பிறந்ததோ அதே கணக்கை அந்த ஊகத்துக்குச் சான்றாகவும் காட்டினார்கள். ஒரு கருதுகோளைத் தோற்றுவித்த தரவு, அந்தக் கருதுகோளை நிறுவவும் பயன்பட முடியாது; அதற்குப் புதிய தரவு வேண்டும், அல்லது ஊகம் பிறந்தபோது பார்க்கப்படாத பழைய தரவு வேண்டும். மனிதக் கண் ஒழுங்கைத் தேடுவதில் மிகத் தேர்ந்தது, ஒழுங்கு இல்லாத இடத்திலும் அதைக் கண்டுபிடித்துவிடும் அளவுக்குத் தேர்ந்தது.

இதற்கு அதே மலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை உருவாக்கிப் பார்க்கலாம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது என்பது கொடைக்கானலில் குழந்தைக்கும் தெரியும். அண்மைக் காலத்தில் அது பெருமளவில் பூத்த ஆண்டுகள் 1994, 2006, 2018. சூரியப் புள்ளிகள் மிகக் குறைந்திருந்த ஆண்டுகளோ 1996, 2008, 2019. முதல் பூப்பு புள்ளிக் குறைவுக்கு இரண்டு ஆண்டு முன்பு, அடுத்ததும் இரண்டு ஆண்டு முன்பு, அதற்கடுத்தது ஓராண்டு முன்பு. மூன்று முறை தொடர்ந்து இப்படி அமைந்ததைப் பார்ப்பவருக்கு, சூரியன் தணியத் தொடங்கும்போது குறிஞ்சி விழித்துக்கொள்கிறது என்று தோன்றாமல் இராது. வெப்பம், புற ஊதாக் கதிர் என்று ஒரு விளக்கத்தையும் மளமளவென்று சேர்த்துவிடலாம். ஆனால் இன்னும் சற்றுப் பின்னோக்கிப் போனால் கதை கலைந்துவிடுகிறது. 1982-ல் பூத்தபோது புள்ளிக் குறைவுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. 1970-ல் பூத்தபோது ஆறு ஆண்டுகள் இருந்தன. 1958-ல் பூத்தபோது சூரியப் புள்ளிகள் அந்த நூற்றாண்டிலேயே உச்சத்தில் இருந்தன. 12 ஆண்டுச் சுழற்சி ஒன்றும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சி ஒன்றும் அருகருகே ஓடினால், சில பத்தாண்டுகள் கைகோத்து நடப்பதுபோல் தெரிந்து, பிறகு விலகிப் போகும், கணக்கு அவ்வளவுதான். மூன்று பூப்புகளோடு நிறுத்தியிருந்தால் ஒரு கோட்பாடு கிடைத்திருக்கும், ஆறு பூப்புகளைப் பார்த்ததால் அது கிடைக்கவில்லை. ஹண்டரிடம் இருந்ததும் ஆறு சுழற்சிகள்தாம்.

இந்த ஆபத்தை எண்களில் எழுதிக் காட்டியவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த அவர் 1904 முதல் 1924 வரை இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்தார். கொடைக்கானலும் அவருடைய நிர்வாகத்தின் கீழ்தான் வந்தது. பருவமழையோடு தொடர்புடையதாக ஒருவர் இமயத்துப் பனியைச் சொன்னார், ஒருவர் தொலைதூர நாட்டுக் காற்றழுத்தத்தைச் சொன்னார், ஒருவர் சூரியப் புள்ளியைச் சொன்னார். இவை ஒவ்வொன்றுக்கும் மழைக்கும் உள்ள ஒட்டுறவை, அதாவது ஒன்று மாறும்போது மற்றதும் எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்பதை, வாக்கர் கணக்கிட்டார். அப்படிக் கணக்கிடும்போதே 1914-ல் ஒரு கேள்வியையும் எழுப்பினார்: பல காரணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டுப் பார்த்து அவற்றில் மிக வலுவாகத் தெரியும் ஒன்றைப் பொறுக்கி எடுத்தால், அந்த வலு உண்மையானதா, அல்லது பலவற்றைத் தேடியதால் தற்செயலாக அகப்பட்டதா? இதன் அளவை ஒரு சிறு கணக்கு காட்டும். தற்செயலாகப் பொருந்துவதற்கு இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு மட்டுமே உள்ள ஒரு பொருத்தத்தை நாம் சான்றாக ஏற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மழையோடு எந்தத் தொடர்புமற்ற, ஒன்றையொன்று சாராத இருபது காரணிகளைச் சோதித்தால், அவற்றில் ஒன்றாவது அந்த அளவுக்குப் பொருந்திவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 64. அறுபது காரணிகளைச் சோதித்தால் அது நூற்றுக்கு 95. ஆகவே ஒரு பொருத்தத்தைக் காட்டுபவரிடம் அது எவ்வளவு வலுவானது என்று கேட்பது மட்டும் போதாது. இதைக் கண்டடையும் முன் எத்தனை பொருத்தங்களைத் தேடிப் பார்த்துக் கைவிட்டார் என்றும் கேட்க வேண்டும். மருந்து ஆய்விலும் உணவு ஆய்விலும் இன்று வெளியாகும் பல பரபரப்பான முடிவுகள் இந்த இரண்டாவது கேள்விக்கு நிற்பதில்லை என்பது என் கணிப்பு.

சூரியப் புள்ளிக்கும் இந்திய மழைக்கும் உள்ள ஒட்டுறவை வாக்கர் 1915-ல் வெளியிட்டபோது, மழையை முன்னறிவிக்க உதவும் அளவுக்கு அது வலுவாக இல்லை என்பது தெரிந்தது. ஆனால் அந்தத் தேடலின் வழியில், பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கத்தில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் இறங்குவதும், பிறகு அது தலைகீழாவதுமான ஒரு பெரிய ஊசலாட்டத்தை அவர் கண்டார். அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். அந்த அலைவு எப்படி இயங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. தம்மிடம் இருப்பது எண்களின் பொருத்தம் மட்டுமே என்பதால் மற்றவர்களின் ஐயத்துக்கும் ஆளானார். அவர் தேர்ந்தெடுத்த முன்னறிவிப்புக் காரணிகளில் சில பின்னாளில் வலுவிழந்தும் போயின. 1960களில் வானிலை அறிஞர் ஜேகப் பியர்க்னெஸ், பசிபிக்கின் நீர் வெப்பமடையும் எல் நினோவையும் தென் அலைவையும் ஒரே இயக்கத்தின் இரு முகங்களாக விளக்கியபோதுதான், பொருத்தத்துக்குப் பின்னால் இருந்த பௌதிகக் காரணம் வெளிப்பட்டது. 1877-78-ல் நிகழ்ந்தது பதிவான எல் நினோக்களில் மிக வலுவானவற்றுள் ஒன்று என்று இன்று கருதப்படுகிறது. தாது வருடத்து மழை ஏன் பொய்த்தது என்ற கேள்விக்கு விடை சூரியனில் தேடப்பட்டு, கடலில் அகப்பட்டது.

இதற்கிடையே மலைமேல் இருந்த நிலையம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1907-ல் அங்கு வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்ப்பதில் தேர்ந்தவர். ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் நிறமாலையின் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமும் நகரும். டாப்ளர் விளைவு எனப்படும் இந்த நகர்வை அளந்தால் வேகம் கிடைக்கும். அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் ஜார்ஜ் எல்லரி ஹேல், சூரியப் புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதை 1908-ல் கண்டுபிடித்திருந்தார். புள்ளிகள் சுழற்காற்றைப் போலச் சுழல்கின்றன, அந்தச் சுழற்சியில் மின்னேற்றம் சுற்றுவதால் காந்தப்புலம் எழுகிறது என்பது ஹேலின் கருத்து. அது உண்மையானால் எவர்ஷெட்டின் கருவியில் எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்பது முன்பே தீர்மானமாகிவிடுகிறது: புள்ளியின் ஒரு விலாப்புறம் நம்மை நோக்கியும் எதிர் விலாப்புறம் நம்மை விட்டு விலகியும் நகர வேண்டும்.

1909 ஜனவரி தொடக்கத்தில், காற்று தெளிந்து படம் கூர்மையாக விழுந்த ஒரு வாய்ப்பில், அவர் கண்டது வேறு. புள்ளியின் கரிய நடுவைச் சூழ்ந்திருக்கும் மங்கலான வளையத்தில், சூரிய வட்டின் விளிம்பை நோக்கிய பாதியில் கோடுகள் சிவப்புப் பக்கமும், வட்டின் மையத்தை நோக்கிய பாதியில் ஊதாப் பக்கமும் சாய்ந்திருந்தன. விலாப்புறங்களில், அதாவது சுழற்சி இருந்தால் நகர்வு பெரிதாக இருக்க வேண்டிய இடங்களில், அந்தச் சாய்வு இல்லை. வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் மேற்பரப்பை ஒட்டி வெளியே பாய்கிறது என்று கொண்டால்தான் இது பொருந்தும்.

எதிர்பாராத ஒன்றைக் கண்டார் என்பதைவிட, கண்ட பிறகு அதை எப்படி நெருக்கினார் என்பதுதான் இங்கே கவனிக்கத் தக்கது. நிறமாலைக் கோடு நகர்வதற்கு இயக்கம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. வாயுவின் அழுத்தம் கூடினாலும் கோடு சற்று நகரும், கருவியின் கோணலாலும் நகரும். இவற்றைப் பிரித்தறியச் சூரியன் தானே ஒரு வழி வைத்திருக்கிறது. சூரியன் தன்னைத் தானே சுற்றுவதால், ஒரு விளிம்பில் தோன்றும் புள்ளி நாளாக நாளாக வட்டின் நடுவுக்கு வந்து மறு விளிம்புக்குப் போகிறது. பாய்ச்சல் மேற்பரப்பை ஒட்டியதென்றால், புள்ளி வட்டின் நடுவில் இருக்கும்போது அந்த இயக்கம் நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக அமையும். அப்போது நகர்வு மறைந்தாக வேண்டும். மறு பாதிக்குப் போனதும் சிவப்பும் ஊதாவும் இடம் மாறியாக வேண்டும். அழுத்தம் காரணம் என்றால் புள்ளி எங்கே இருந்தாலும் நகர்வு அப்படியே இருக்கும். கருவிதான் காரணம் என்றால் அது சூரிய வட்டின் மையம் எந்தப் பக்கம் என்று அறியாது. புள்ளிகளை வட்டின் வெவ்வேறு இடங்களில் பார்த்தபோது நகர்வு, வெளிப்பாய்ச்சல் என்ற விளக்கம் கோரியபடியே நடந்துகொண்டது. ஒரு விளக்கத்துக்குப் பொருந்தும் சான்றுகளைக் குவிப்பது ஒரு வேலை. எந்த இடத்தில் இரண்டு விளக்கங்கள் இருவேறு விளைவுகளைச் சொல்கின்றனவோ அந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் கடினம், அதற்குத்தான் மதிப்பும்.

மவுண்ட் வில்சனில் இன்னும் பெரிய கருவிகளை வைத்திருந்த சார்லஸ் செயின்ட் ஜான் 1913-ல் இதை உறுதி செய்தார். ஹேலின் சுழற்சிக் கருத்து பிறந்த அதே நிலையத்திலிருந்து அந்த உறுதி வந்தது. இந்த இயக்கம் இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது; நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகம் கொண்டது. ஆனால் வாயு வெளியே பாய்கிறது என்பது நிறுவப்பட்ட பிறகும், அது ஏன் பாய்கிறது என்பது பல பத்தாண்டுகள் விவாதத்தில் இருந்தது. அறிவியலில் ஒரே பொருளைப் பற்றிய கூற்றுகள் எல்லாம் ஒரே உறுதி கொண்டவை அல்ல. அளவீடு ஓரளவு உறுதி, அதிலிருந்து பெறும் உடனடி முடிவு வேறோர் அளவு உறுதி, அதற்கான ஆழ்ந்த விளக்கம் இன்னும் தளர்ந்த உறுதி. விளக்கம் மாறும்போது அளவீடும் சேர்ந்து கவிழ்ந்துவிட்டதாக நினைப்பவர்கள்தாம், விஞ்ஞானிகள் இன்று ஒன்றும் நாளை ஒன்றும் சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

எவர்ஷெட்டின் அடுத்த முயற்சி அவ்வளவு பேசப்படுவதில்லை. எனக்கு அது முந்தையதைவிடப் பாடமாகத் தோன்றுகிறது. சூரிய நிறமாலைக் கோடுகள் பொதுவாகவே சற்றுச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. விளிம்பில் அந்த நகர்வு கூடுதலாக இருந்தது. விளிம்பைச் சுற்றி எல்லாத் திசையிலும் நகர்வு ஒன்றுபோல் இருந்ததால், அதை இயக்கமாகக் கொண்டால் சூரியனின் வாயு எங்கும் பூமியை விட்டு விலகுகிறது என்றாகிறது. பூமி அந்த வாயுவை ஏதோ ஒரு வகையில் விலக்கித் தள்ளுகிறதா? கேட்பதற்கே விந்தையான இந்தக் கருதுகோளை எவர்ஷெட் முன்வைத்தார். விந்தையானது என்பதால் அது கைவிடப்படவில்லை, சோதிக்கப்பட்டது. பூமி தள்ளுகிறது என்றால், பூமிக்கு முதுகு காட்டி நிற்கும் சூரியனின் மறுபக்கத்தில் இந்தச் சிவப்பு நகர்வு இருக்கக்கூடாது. மறுபக்கத்தைப் பூமியிலிருந்து எப்படிப் பார்ப்பது? வெள்ளிக் கோள் சூரியனுக்கு அப்பால் சென்றிருக்கும்போது, அதன் மீது விழுவது நமக்குத் தெரியாத பக்கத்தின் ஒளி. அது வெள்ளியில் பட்டு நம்மிடம் திரும்புகிறது. கொடைக்கானலில் வெள்ளியின் நிறமாலை எடுக்கப்பட்டது இதற்காகத்தான்.

முதலில் கிடைத்த அளவீடுகள் பூமியின் விளைவுக்குச் சாதகமாகவே தோன்றின. ஆனால் அத்தகைய நிலைகளில் வெள்ளி சூரியனை ஒட்டியே, அடிவானத்துக்கு அருகில் தாழ்ந்துதான் தெரியும். அங்கே பூமியின் காற்றுமண்டலம் ஒளியை நிறவாரியாகச் சிறிது பிரித்துவிடுவதும், கருவியின் பிளவில் ஒளி சீராக விழாமல் போவதும் அதே போன்ற பொய் நகர்வைத் தோற்றுவிக்கும் என்று செயின்ட் ஜானும் அதே மவுண்ட் வில்சனைச் சேர்ந்த நிக்கல்சனும் 1921-ல் காட்டினார்கள். இன்னொரு பக்கம், ஈர்ப்பினால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் என்று ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சொல்லியிருந்தது. சூரியனுக்கு அந்த நகர்வு நொடிக்கு ஏறத்தாழ 0.64 கிலோமீட்டர் வேகத்துக்கு நிகரானது. செயின்ட் ஜான் 1917-ல் அப்படி ஒரு நகர்வு இல்லை என்றே எழுதியிருந்தார். 1923 வாக்கில் அவரும் எவர்ஷெட்டும் ஆகிய இருவருமே ஐன்ஸ்டைன் விளைவு இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தனர். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே நகர்வு மாறுபடுவதற்குக் காரணம் சூரியப் பரப்பில் கொதித்து மேலெழும் வாயுவின் இயக்கம் என்பது பின்னரே தெளிந்தது. மேலெழும் வாயு நம்மை நோக்கி வருவதால் வட்டின் நடுவில் ஈர்ப்பின் சிவப்பு நகர்வை ஓரளவு மறைத்துவிடுகிறது. ஆக, ஒரே அளவீட்டில் ஈர்ப்பு, வாயு இயக்கம், காற்றுமண்டலம், கருவி ஆகிய நான்கும் கலந்து கிடந்தன. ‘சோதனை கருதுகோளைப் பொய்ப்பித்துவிட்டது’ என்று நூல்களில் ஒரு வரியில் வருவது, நடைமுறையில் இப்படிப் பல ஆண்டுகள் நீளும் சிக்கெடுப்பு. பொய்த்தது கருதுகோளா கருவியா என்பதையே முதலில் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதைத் தீர்ப்பவர்கள் பெரும்பாலும் வேறோர் ஊரில், வேறு கருவியோடு, உங்கள் முடிவில் எந்தப் பற்றும் இல்லாமல் இருப்பவர்கள்.

சூரியனை யாரும் தொட்டுத் திருத்திப் பார்க்க முடியாது. இயற்கை காட்டும் வேறுபாடுகளைக் காத்திருந்து பயன்படுத்தத்தான் முடியும். கை வைத்து மாற்றிப் பார்க்கக்கூடிய இடங்களில் வழி எளிதாகத் தோன்றும், ஆனால் பொறி வேறு வகையில் இருக்கும். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ படிக்கட்டு வயலில் மலைப்பூண்டு பயிரிடும் ஒருவர், புதிய உரம் ஒன்றை மேல்படியில் இட்டு, கீழ்ப்படியில் வழக்கமான எருவையே இட்டார் என்போம். மேல்படியில் விளைச்சல் கூடினால் உரம் நல்லது என்று சொல்லத் தோன்றும். ஆனால் குளிர்ந்த காற்று இரவில் சரிவில் வழிந்து தாழ்ந்த இடத்தில் தேங்குவதால் உறைபனி கீழ்ப்படியைத்தான் முதலில் பிடிக்கிறது. மழை மேல்மண்ணைக் கீழே கொண்டுவருகிறது. காலை வெயில் ஒரு படிக்கு முந்தியும் மற்றதற்குப் பிந்தியும் விழுகிறது. இரண்டு படிகளுக்கிடையே உரம் மட்டுமே வேறுபடவில்லை. அறிந்த வேறுபாடுகளைச் சமப்படுத்திவிடலாம்; அறியாதவற்றை என்ன செய்வது? 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணை ஆய்வகத்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் கண்ட வழி, எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதை உழவரின் விருப்பத்துக்கோ ஆய்வாளரின் விருப்பத்துக்கோ விடாமல் குலுக்கலுக்கு விட்டுவிடுவது. ஒவ்வொரு படியையும் பல துண்டுகளாக்கி, ஒவ்வொரு படிக்குள்ளும் குலுக்கிப் போட்டு, அதைப் பல படிகளில் திரும்பச் செய்தால், அறியாத காரணிகள் இரு தரப்புக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்படும். எஞ்சும் வேறுபாடு தற்செயலால் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் கணக்கிட முடியும்.

ஒப்பீடு எதனோடு என்பதும் முன்பே தெளிவாக வேண்டும். நீலகிரியில் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய சில ஆண்டுகளில், அந்த மரப்பட்டையிலிருந்து எடுக்கும் நான்கு மருந்துப் பொருள்களை 1866 முதல் 1868 வரை ஏறத்தாழ 3,600 காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கிலும் நூற்றுக்கு 98-க்கு மேல் காய்ச்சல் நின்றது. குயினைன் ஒன்றுதான் மருந்து, மற்றவை வீண் என்ற எண்ணத்தை அது அசைத்தது. ஆனால் மருந்தே தராத ஒரு குழு அதில் இல்லை என்பதால், தானாகவே நின்றிருக்கக்கூடிய காய்ச்சல் எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து மட்டும் சொல்ல முடியாது.

கை வைக்கவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல், நடந்து முடிந்துவிட்டதைப் பற்றிக் கேட்கும் அறிவியல்களும் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறிக் கிடக்கின்றன. மடிப்புகளில் சோலை, முதுகுகளில் புல். இந்தப் புல்வெளி இயற்கையானதா, அல்லது மேய்ச்சலுக்காக மனிதர் தீ வைத்துச் சோலையை அழித்ததால் வந்ததா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. இரு தரப்பிலும் அனுபவம் மிக்கவர்கள் இருந்தார்கள். உறைபனி சோலைக் கன்றுகளைத் திறந்த வெளியில் கொன்றுவிடுகிறது என்றது ஒரு தரப்பு. தீயை நிறுத்தினால் சோலை பரவும் என்றது மற்றது. நிகழ்காலத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க இயலாது. ஆனால் இரண்டும் கடந்த காலத்தைப் பற்றி வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன: மனிதர்தாம் காரணம் என்றால், மேய்ப்பரும் உழவரும் வருவதற்கு முந்தைய மண்ணில் புல்லின் தடயம் இருக்கக்கூடாது.

அந்த மண் நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காக இருந்தது. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவையும் சோலை மரங்களும் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் வழி வேறு. அதனால் அவற்றின் உடலில் கார்பன்-13 என்னும் கனமான கார்பன் அணு சேரும் விகிதமும் வேறு. செடி மட்கிய பிறகும் அந்த வேறுபாடு மண்ணில் தங்குகிறது. சூழலியலாளர் ஆர். சுகுமார் உள்ளிட்ட நால்வர் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, சதுப்பு மண்ணின் வயதைக் கதிரியக்கக் கார்பனால் கணித்து, ஒவ்வோர் அடுக்கிலும் இந்த விகிதத்தை அளந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், அங்கே புல் ஓங்கியிருந்தது தெரியவந்தது. பிறகு ஈரம் மிகுந்த காலத்தில் மர வகைத் தாவரங்கள் பெருகியதும், வறண்ட காலத்தில் மீண்டும் புல் பெருகியதும் அடுக்குகளில் பதிந்திருந்தன. புல்வெளி முழுவதும் மனிதர் படைப்பு என்ற கூற்று இதற்குப் பின் நிற்க இடமில்லை. காற்றில் கரியமில வாயு குறைவாக இருந்த பனியுகத்தில் இந்தப் புற்களுக்கு அதனாலேயே கூடுதல் சாதகம் கிடைத்திருக்கும் என்பதால், புல் மிகுந்ததை முழுக்க வறட்சிக்கே கணக்கு வைக்கவும் கூடாது.

இந்த முடிவின் எல்லையைக் குறிக்காமல் அதை எடுத்தாளுவது இப்போது வழக்கமாகிவருகிறது. புல்வெளி தொன்மையானது என்பதை அது நிறுவுகிறது. ஆங்கில ஆட்சியிலும் அதற்குப் பிறகும் தரிசு என்று பெயரிட்டு அதன்மேல் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டது தாவரவியல் நோக்கில் பிழை என்பதற்கு அது வலுவான ஆதாரம். ஆனால் இன்று ஒரு குறிப்பிட்ட சரிவில் சோலை முடிந்து புல் தொடங்கும் எல்லைக்கோடு இயற்கை வகுத்ததா, கடந்த சில நூற்றாண்டுகளின் தீ பின்தள்ளியதா என்பதை அந்த அளவீடு சொல்லவில்லை. ஒரு சதுப்பில் சேரும் மண் சுற்றுவட்டாரத்துத் தாவரங்களின் கலவை, அது ஒரு சரிவின் வரைபடமன்று. சீகையை அகற்றிய இடத்தில் புல்லை மீட்பதா, சோலை முளைக்கட்டும் என்று விடுவதா என்று இரு மலைகளிலும் நடக்கும் வாதத்துக்கு அந்தச் சரிவின் வரலாறு தேவைப்படுகிறது. அதற்கு அந்தச் சரிவின் மண்ணையே அடுக்கடுக்காக அளந்து, அதில் தீ விட்டுச்சென்ற கரித்துகள்களையும் எண்ண வேண்டியிருக்கும்.